பிட்காயின் நோடு: முதல் பரிவர்த்தனையைக் காசு செலவில்லாமல் அனுப்பிப் பழகுவது எப்படி?

கேள்வி இதுதான்: சொந்தமாக ஒரு பிட்காயின் நோடு (வலையின் விதிகளைத் தானே சரிபார்க்கும் நிரல்) ஓட்டி, அதன் வழியே பரிவர்த்தனை அனுப்பிப் பார்க்க வேண்டும். டெர்மினலில் வேலை செய்த பழக்கம் உண்டு. ஆனால் 600 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும் என்கிறார்கள், ஒரு எழுத்து தவறினால் பணம் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதிவிறக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். பிட்காயின் கோர் மென்பொருளுக்குள்ளேயே ரெக்டெஸ்ட் என்றொரு முறை இருக்கிறது. அது உங்கள் கணினிக்குள் மட்டும் ஓடும் தனிச் சங்கிலி. பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) பூஜ்ஜியத்தில் தொடங்கும், இணைய இணைப்பே வேண்டாம், அடுத்த பிளாக் எப்போது வர வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். ஓடுவது மெயின்நெட்டில், அதாவது உண்மையான பணம் புழங்கும் வலையில், ஓடும் அதே நிரல்தான். கையொப்பச் சோதனை, பரிவர்த்தனை விதிகள் எல்லாம் அப்படியே இருக்கும். பிளாக் உருவாக்குவது மட்டும் நொடிக்குள் முடிகிற அளவுக்கு எளிதாக்கப்பட்டிருக்கும். காசுக்கு மதிப்பில்லை என்பதால் தாராளமாகத் தவறு செய்யலாம். நோடு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தவறு செய்து பார்த்தால்தான் உண்மையில் கற்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நோடு ஓட்டுவது வேறு, புதிய பிளாக்குகளை உருவாக்கும் மைனிங் வேறு. நோடு ஓட்டினால் வெகுமதி எதுவும் கிடைக்காது. பணம் அனுப்ப நோடு கட்டாயமும் இல்லை. கைப்பேசி வாலட் போதும். பிறகு நோடு எதற்கு? சரிபார்ப்பதற்கு. 2009 ஜனவரி 3ஆம் தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து இன்றுவரை வந்த ஒவ்வொரு பிளாக்கும் விதிப்படி இருக்கிறதா, இல்லாத காசை யாராவது செலவழித்தார்களா, ஒரே காசை இருமுறை செலவழித்தார்களா என்று உங்கள் கணினியே பார்த்து முடிவு செய்கிறது. உங்களுக்குப் பணம் வந்ததா என்று வேறொருவருடைய சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. எந்த முகவரிகள் உங்களுடையவை என்பதும் அந்த சர்வருக்குத் தெரியாமல் போகும். இந்த இரண்டும் முக்கியம் என்று நினைப்பவர்களுக்குத்தான் நோடு.

நிறுவும்போது ஒரு படியைத் தாண்டிவிடாதீர்கள். பிட்காயின் கோரின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கும் கோப்போடு, ஹேஷ் மதிப்புகள் (கோப்பின் கைரேகை போன்ற எண்கள்) அடங்கிய ஒரு கோப்பும் அதன் மேல் டெவலப்பர்கள் இட்ட கையொப்பக் கோப்பும் இருக்கும். இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கையொப்பத்தையும் ஜிபிஜி என்ற கருவி கொண்டு சரிபாருங்கள். யாரையும் நம்பாமல் சரிபார்ப்பதற்காக ஓட்டும் நிரலையே சரிபார்க்காமல் ஓட்டுவதில் பொருளில்லை.

நிறுவியதும் இரண்டு நிரல்கள் உங்களுக்கு முக்கியம். பிட்காயின்டி என்பது பின்னணியில் ஓடும் நோடு. பிட்காயின்-சிஎல்ஐ என்பது அதனிடம் பேச உதவும் கருவி. இரண்டையும் ரெக்டெஸ்ட் என்ற விருப்பத்தோடு ஓட்ட வேண்டும். கீழே கட்டளைப் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். ஹெல்ப் என்று கேட்டால் முழுப் பட்டியலும் வரும், ஹெல்ப்போடு கட்டளைப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் அதன் விளக்கமும் எடுத்துக்காட்டும் வரும். அந்த விளக்கங்கள் நன்றாக எழுதப்பட்டவை, அவற்றைப் படிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நோடு எழுந்ததும் கெட்பிளாக்செயின்இன்ஃபோ கொடுங்கள். பிளாக் எண்ணிக்கை 0 என்று வரும். கிரியேட்வாலட் கொடுத்து ஒரு வாலட் உருவாக்குங்கள். கெட்நியூஅட்ரஸ் கொடுத்தால் பிசிஆர்டி1 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். மெயின்நெட் முகவரி பிசி1 என்றும், சோதனை வலைகளின் முகவரி டிபி1 என்றும் தொடங்கும். முன்னொட்டு வேறாக இருப்பதால் இந்த மூன்று வகைகளில் ஒன்றின் முகவரியை மற்றொன்றில் ஒட்டினால் நிரல் ஏற்காது.

இனி காசு வேண்டும். ஜெனரேட்டுஅட்ரஸ் கட்டளைக்கு 101 என்ற எண்ணையும் உங்கள் முகவரியையும் கொடுங்கள். ஏன் 101? பிளாக்கை உருவாக்கியவருக்குக் கிடைக்கும் வெகுமதியை, அதற்கு மேல் 100 பிளாக்குகள் வந்த பிறகே செலவழிக்க முடியும். ரெக்டெஸ்ட்டில் முதல் வெகுமதி 50 காசு (ஒரு காசு என்று நான் சொல்வது ஒரு பிட்காயினை). 101 பிளாக்குகள் உருவானதும் முதல் பிளாக்கின் 50 மட்டும் முதிர்ந்திருக்கும். கெட்பேலன்ஸ் கேட்டால் சரியாக 50 என்று வரும். மீதி 100 பிளாக்குகளின் காசு முதிராத கணக்கில் நிற்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ரெக்டெஸ்ட்டில் 150 பிளாக்கிற்கு ஒருமுறை வெகுமதி பாதியாகும். மெயின்நெட்டில் அது 2,10,000 பிளாக்கிற்கு ஒருமுறை.

இப்போது செண்ட்டுஅட்ரஸ் கொண்டு ஒரு காசை அனுப்பிப் பார்த்தால், கட்டணத்தைக் கணிக்க முடியவில்லை, ஃபால்பேக்ஃபீ முடக்கப்பட்டிருக்கிறது என்ற பிழை வர வாய்ப்பு அதிகம். புதிதாக வருகிறவர்கள் பலர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. நோடு அண்மைய பிளாக்குகளில் பரிவர்த்தனைகள் எவ்வளவு கட்டணம் கொடுத்து எவ்வளவு சீக்கிரம் ஏறின என்பதைப் பார்த்துத்தான் கட்டணம் கணிக்கும். உங்கள் தனிச் சங்கிலியில் பார்க்க ஒன்றுமே இல்லை. கான்ஃபிக் கோப்பில் ரெக்டெஸ்ட் பிரிவின் கீழ் ஃபால்பேக்ஃபீ மதிப்பை 0.0002 என்று வைத்து நோடை மறுபடி தொடங்குங்கள், லோட்வாலட் கொண்டு வாலட்டைத் திறந்து அனுப்புங்கள், போகும்.

போனதும் கெட்மெம்பூல்இன்ஃபோ பாருங்கள். ஒரு பரிவர்த்தனை காத்திருக்கும். இன்னொரு பிளாக் உருவாக்குங்கள். மெம்பூல் (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் இடம்) காலியாகும், உறுதிப்பாடு (ஏறிய பிளாக்கையும் சேர்த்து அதன்மேல் வந்த பிளாக்குகளின் எண்ணிக்கை) 1 என்று மாறும். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான பாடம் இனிமேல்தான் இருக்கிறது. செண்ட்டுஅட்ரஸ் எல்லா வேலையையும் மறைத்துச் செய்துவிடுகிறது. அதே வேலையைக் கையால் செய்யுங்கள்.

கையால் செய்வதற்குமுன் ஒன்றை மனதில் நிறுத்த வேண்டும். பிட்காயினில் கணக்கு இருப்பு என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. செலவழிக்கப்படாத வெளியீடுகள் மட்டுமே உண்டு. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நோட்டு மாதிரி: பாதியாகக் கிழித்துக் கொடுக்க முடியாது, முழுசாகக் கொடுத்து மீதியைத் திரும்ப வாங்க வேண்டும். வாலட் காட்டும் இருப்பு என்பது இவற்றின் கூட்டுத்தொகைதான். லிஸ்ட்அன்ஸ்பென்ட் கட்டளை கொடுத்தால் உங்களிடம் உள்ள வெளியீடுகள் ஒவ்வொன்றும் அது பிறந்த பரிவர்த்தனையின் எண்ணோடும் வரிசை எண்ணோடும் வரும்.

அதில் முழு 50 காசு உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிரியேட்ராடிரான்சாக்‌ஷன் கட்டளையில் அதை உள்ளீடாகக் கொடுங்கள். வெளியீடாக, பெறுபவர் முகவரிக்கு 10 என்று மட்டும் எழுதி, மீதியைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுங்கள். வேண்டுமென்றே. சைன்ராடிரான்சாக்‌ஷன்வித்வாலட் கொண்டு கையொப்பமிடுங்கள். நீளமான பதினாறடிமான எழுத்துச் சரம் ஒன்று கிடைக்கும். அதை உடனே அனுப்பாமல் டெஸ்ட்மெம்பூல்அக்செப்ட் கட்டளைக்குக் கொடுங்கள். கட்டணம் வரம்பை மீறுகிறது என்று மறுத்துவிடும். எந்தக் கட்டணம்? நீங்கள் கட்டணம் என்று எதையும் எழுதவே இல்லையே. அதுதான் விஷயம்: பரிவர்த்தனையில் கட்டணத்துக்கென்று தனி இடமே கிடையாது. உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால் மிஞ்சுவது கட்டணம். 50 உள்ளே, 10 வெளியே, ஆக 40 காசு கட்டணம்.

இப்படி ஒரு பரிவர்த்தனை மெயின்நெட்டில் ஏறினால் அது முற்றிலும் செல்லுபடியாகும். யாரும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் இல்லை. உங்கள் நோடு தடுத்தது வலையின் விதி அல்ல, இந்தக் கட்டளையில் இயல்பாக வைத்திருக்கும் ஒரு பாதுகாப்பு வரம்பு மட்டுமே. மாக்ஸ்ஃபீரேட் என்ற அந்த வரம்பை 0 என்று கொடுத்தால் தடை நீங்கிவிடும். ரெக்டெஸ்ட்டில் துணிந்து கொடுங்கள், செண்ட்ராடிரான்சாக்‌ஷன் கொண்டு அனுப்புங்கள், அடுத்த பிளாக்கை உருவாக்கி அதன் முதல் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். வெகுமதி 50 காசாக இருக்கும் கட்டத்தில் செய்திருந்தால், அங்கே 90 என்று இருக்கும். உங்கள் 40 காசு மைனருக்குப் போய்விட்டது. அந்த மைனரும் நீங்களே என்பதால் இங்கே இழப்பில்லை. மீதியை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பத்தி படித்து நினைவில் வைப்பதைவிட இந்த 90 என்ற எண்ணைக் கண்ணால் பார்ப்பது நல்லது.

இனி சரியாகச் செய்வோம். கெட்ராசேஞ்ச்அட்ரஸ் கொடுத்து மீதிக்கு உங்கள் வாலட்டிலேயே ஒரு முகவரி வாங்குங்கள். கட்டணம் எவ்வளவு வைப்பது? அனுப்பும் தொகைக்கும் கட்டணத்துக்கும் தொடர்பே இல்லை. பரிவர்த்தனை பிளாக்கில் பிடிக்கும் இடத்துக்குத்தான் கட்டணம். அந்த இடத்தை அளக்கும் அலகு விபைட். செக்விட் முகவரிகளில் (கெட்நியூஅட்ரஸ் தந்தது போன்றவை) ஓர் உள்ளீடு ஏறக்குறைய 68 விபைட், ஒரு வெளியீடு 31 விபைட், பொதுவான தலைப்பகுதி 11க்குச் சற்றுக் குறைவு. ஓர் உள்ளீடும் இரண்டு வெளியீடும் சேர்ந்தால் 141 விபைட். விபைட்டுக்கு 10 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) என்று வைத்தால் 1,410 சடோஷி. ஒரு காசு 10 கோடி சடோஷி ஆகையால் அது 0.0000141 காசு. எனவே பெறுபவருக்கு 10, மீதி முகவரிக்கு 39.9999859. கையொப்பமிட்டுச் சோதித்தால் இம்முறை ஏற்றுக்கொள்ளும். பதிலில் விபைட் அளவும் கட்டணமும் வரும். உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும். சின்னச் சின்னத் தொகைகளாகப் பத்து முறை வாங்கிய காசைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் அனுப்பினால் பத்து உள்ளீடு, ஏறக்குறைய 750 விபைட். தொகை எவ்வளவு சிறியதானாலும் கட்டணம் ஐந்து மடங்கைத் தாண்டிவிடும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. கையொப்பமிட்ட சரத்தில் தொகை இருக்கும் இடத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி மறுபடி சோதனைக் கட்டளைக்குக் கொடுங்கள். கையொப்பம் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். வழியில் யார் கையில் சிக்கினாலும் தொகையையோ முகவரியையோ மாற்ற முடியாது என்பது இதனால்தான். கையொப்பமிட்ட பரிவர்த்தனையை எந்த நோடு வழியாகவும், எந்த இணைப்பு வழியாகவும் அச்சமின்றி அனுப்பலாம். ரகசியமாக இருக்க வேண்டியது சாவி மட்டுமே.

அடுத்து, நேரம் இருந்தால் அல்ல, கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று. அதே கணினியில் இரண்டாவது நோடு ஒன்றைத் தனித் தரவுக் கோப்புறை, தனிப் போர்ட் எண்களோடு தொடங்கி, ஆட்நோடு மூலம் முதல் நோடோடு இணையுங்கள். பிளாக்குகள் தானாக ஒத்திசையும். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்ததும் செட்நெட்வொர்க்ஆக்டிவ் கொண்டு முதல் நோடின் இணைப்பைத் துண்டியுங்கள். முதல் நோடில் ஒரு பரிவர்த்தனை அனுப்பி ஒரு பிளாக் உருவாக்குங்கள். உறுதிப்பாடு 1 என்று காட்டும். இரண்டாவது நோடில் இரண்டு பிளாக் உருவாக்குங்கள். மறுபடி இணையுங்கள். முதல் நோடு தன் பிளாக்கைக் கைவிட்டு, அதிக வேலை செய்யப்பட்ட சங்கிலிக்கு மாறிவிடும். உங்கள் பரிவர்த்தனையின் உறுதிப்பாடு மறுபடி 0 ஆகி, அது மெம்பூலுக்குத் திரும்பியிருக்கும். கைவிடப்பட்ட கிளையை கெட்செயின்டிப்ஸ் காட்டும். பெரிய தொகைக்கு ஒரு உறுதிப்பாடு போதாது, 6 வரை காத்திரு என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இதற்குமேல் விளக்கமே தேவையில்லாமல் புரியும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: இரண்டு நாள் கழித்து வந்து ரெக்டெஸ்ட் நோடை எழுப்பினால் பரிவர்த்தனைகள் மற்ற நோடுக்குப் பரவாமல் நிற்கலாம். கடைசி பிளாக் 24 மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால், தான் இன்னும் ஒத்திசைவு முடிக்கவில்லை என்று நோடு நினைத்துக்கொள்ளும். ஒரு பிளாக் உருவாக்கினால் சரியாகிவிடும்.

ரெக்டெஸ்ட்டுக்கு அடுத்த படி சிக்நெட். இது இணையத்தில் ஓடும் உண்மையான சோதனை வலை. காசுக்கு மதிப்பில்லை, ஃபாசெட் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். பிளாக்குகளைக் குறிப்பிட்ட சிலர் கையொப்பமிட்டு வெளியிடுவதால் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வரும். பழைய டெஸ்ட்நெட்டில் கடினத்தன்மை திடீரென விழுந்து பிளாக்குகள் மழையாகக் கொட்டுவதுண்டு. கற்பவர்களுக்கு நான் சிக்நெட்டைத்தான் சொல்வேன். காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது இங்கே பழகும்.

இப்போது மெயின்நெட். முழுச் சங்கிலி 600 ஜிபியைத் தாண்டிவிட்டது என்பது உண்மை. ஆனால் அத்தனையையும் டிஸ்க்கில் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ப்ரூன் விருப்பத்தை 550 என்று வைத்தால் பழைய பிளாக்குகளைச் சரிபார்த்து முடித்ததும் அழித்துவிட்டு, பிளாக்குகளுக்கு ஏறக்குறைய 550 எம்பி மட்டும் எடுத்துக்கொள்ளும். செலவழிக்கப்படாத வெளியீடுகளின் பட்டியல் தனியே 10 ஜிபிக்கு மேல் இருக்கும், அதை விட முடியாது. கவனிக்க வேண்டியது: ப்ரூன் செய்தாலும் முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும், சரிபார்ப்பிலும் குறைவில்லை. டேட்டா வரம்புள்ள இணைப்பு என்றால் இதை முன்பே யோசியுங்கள். பழைய வாலட்டின் வரலாற்றைத் தேட வேண்டும் என்றால் ப்ரூன் நோடு உதவாது, ஏனெனில் பழைய பிளாக்குகள் அங்கே இருக்காது.

வன்பொருளில் நான் பிடிவாதமாகச் சொல்வது எஸ்எஸ்டி. அந்த வெளியீட்டுப் பட்டியலை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அங்குமிங்கும் தாவிப் படிக்க வேண்டியிருப்பதால் சுழலும் டிஸ்க்கில் முதல் ஒத்திசைவு இழுத்துக்கொண்டே போகும். அதற்கு அடுத்தது ரேம். டிபிகேஷ் (நோடு ரேமில் எடுத்துக்கொள்ளும் தற்காலிக இடத்தின் அளவு) இயல்பாகக் குறைவாகவே இருக்கும். ரேம் இருந்தால் ஒத்திசைவு முடியும்வரை சில ஜிபியாக உயர்த்துங்கள், வேகம் நன்றாகக் கூடும். பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் ஒரே ஒரு கண்டிப்பு: 8332 போர்ட்டை ஒருபோதும் இணையத்துக்குத் திறக்காதீர்கள். அது நோடுக்குக் கட்டளையிடும் வாசல். மற்ற நோடுகள் உங்களைத் தொடர்புகொள்வது 8333 வழியாக. அதைத் திறந்து வைப்பது வலைக்கு நல்லது, ஆனால் கட்டாயமில்லை. திறக்காவிட்டாலும் உங்கள் நோடு வெளியே 10 இணைப்புகளைத் தானே ஏற்படுத்திக்கொண்டு முழுமையாக வேலை செய்யும்.

எத்தீரியம் பற்றியும் ஒரு வரி, ஏனெனில் இந்தக் கேள்வி அங்கேயும் எழும். 2022 செப்டம்பரில் நடந்த மெர்ஜுக்குப் பிறகு (எத்தீரியம் மைனிங்கைக் கைவிட்ட மாற்றம் அது) அங்கே ஒரு நோடுக்கு இரண்டு நிரல்கள் தேவை: கெத் போன்ற எக்சிக்யூஷன் கிளையண்ட் ஒன்று, லைட்ஹவுஸ் போன்ற கன்சென்சஸ் கிளையண்ட் ஒன்று. அங்கே கணக்கு இருப்பு உண்டு, மீதி முகவரி கிடையாது, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நான்ஸ் என்ற வரிசை எண் உண்டு. ஒன்று நின்றால் அதற்குப் பின்னால் உள்ளவையும் நிற்கும். பழக, ஆன்வில் என்ற கருவி ரெக்டெஸ்ட் செய்யும் வேலையைச் செய்யும்.

மெயின்நெட்டில் முதல் பரிவர்த்தனைக்கு வருவோம். வாலட்டுக்குக் கடவுச்சொல் இடுங்கள். மறந்தால் மீட்க வழியில்லை. பிட்காயின் கோர் வாலட்டை மீட்கும் 12 சொற்களைத் தராது, பேக்கப்வாலட் கொண்டு கோப்பாகத்தான் நகல் எடுக்க வேண்டும். அந்த நகலை இன்னொரு இடத்தில் திறந்து பார்த்து, முகவரி பொருந்துகிறதா என்று உறுதி செய்த பிறகே காசு போடுங்கள். பெரிய தொகை என்றால் சாவியை ஹார்டுவேர் வாலட்டில் வைத்து, நோடைப் பார்வையிடவும் பரப்பவும் மட்டும் பயன்படுத்துவதே சரி. கையொப்பம் முடியாத பரிவர்த்தனையைக் கைமாற்றும் பிஎஸ்பிடி வடிவம் இதற்காகவே உருவானது: நோடு பரிவர்த்தனையைக் கட்டும், சாதனம் கையொப்பமிடும், நோடு அனுப்பும்.

கட்டணத்துக்கு எஸ்டிமேட்ஸ்மார்ட்ஃபீ கேளுங்கள். குறைவாக வைத்து அது நின்றுபோனால் பதற வேண்டாம். இயல்பான அமைப்பில் ஒரு நோடின் மெம்பூல் 300 எம்பி வரை வைத்திருக்கும், 336 மணி நேரம் கழித்தும் ஏறாததை விட்டுவிடும். அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை, பம்ப்ஃபீ கொடுத்தால் அதே உள்ளீட்டை அதிகக் கட்டணத்தோடு மறுபடி அனுப்பும். இதுவும் ரெக்டெஸ்ட்டில் செய்து பார்க்கலாம். பம்ப் செய்தால் பரிவர்த்தனை எண் மாறிவிடும் என்பதால், பெறுபவரிடம் பழைய எண்ணைக் கொடுத்திருந்தால் புதிய எண்ணை உடனே தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் இல்லாத பரிவர்த்தனையைத் தேடிக்கொண்டிருப்பார்.